காலடியில் ரோமானியத் தெரு: மூடுவதா, காட்டுவதா, பெயர்த்தெடுப்பதா?

கிரீஸ் நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் தெசலோனிகி. அதன் நடுவே நீளமாக ஓடுகிறது எக்னாதியா தெரு. 2006-இல் அந்தத் தெருவுக்கு அடியில் மெட்ரோ வேலை தொடங்கியது. வெனிசெலூ தெரு எக்னாதியாவைக் குறுக்கே வெட்டும் இடத்தில் நிலையம் கட்டத் தோண்டினார்கள். சில மீட்டர் ஆழத்தில் இன்னொரு தெரு வந்தது. பளிங்குப் பலகை பாவிய பெருந்தெரு, அதைக் குறுக்கே வெட்டும் மற்றொரு தெரு, இருமருங்கிலும் கடைகள், நகைப் பட்டறைகள். மேலே இன்று சந்திப்பு இருக்கும் இடத்தில் கீழே 6-ஆம் நூற்றாண்டிலும் சந்திப்புதான்.

6-ஆம் நூற்றாண்டு என்றால் அது ரோமானியமா, பைசாந்தியமா (கிழக்கு ரோமப் பேரரசுக்குப் பிற்காலத்தவர் வைத்த பெயர்) என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பளிங்குக்குக் கீழே 4-ஆம் நூற்றாண்டுத் தெருவும் இருந்தது. அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.

இழுபட்டது வேறு வழக்கு. 2013-இல் நாட்டின் தொல்லியல் மையக் குழு, தெருவைப் பெயர்த்து நகரின் மேற்கே உள்ள பழைய ராணுவ முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்று சம்மதித்தது. ஊரே கொதித்தது, நகராட்சியும் எதிர்த்தது. நீதிமன்றம், ஆட்சி மாற்றம் எல்லாம் தாண்டி 2017-இல் 'இருந்த இடத்திலேயே வைத்து நிலையம் கட்டுவோம்' என்றார்கள். 2019-இல் மறுபடி ஆட்சி மாறியது. 'பெயர்த்தெடுப்போம், நிலையத்தைக் கட்டுவோம், திரும்பக் கொண்டுவந்து வைப்போம்' என்ற மூன்றாவது முடிவு வந்தது. 2021-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. 2024 நவம்பர் 30 அன்று ரயில் ஓடியது. ஒரே தெருவுக்குப் பத்தாண்டுகளுக்குள் மூன்று தீர்ப்பு. நவீன ஊருக்கு அடியில் ரோமானியத் தெரு அகப்பட்டால் என்னென்ன செய்யலாம் என்பதை இந்த ஒரு வழக்கே முக்கால்வாசி காட்டிவிடுகிறது. மீதிக்கு லண்டன், யார்க், நார்போன், பார்சிலோனா, சோஃபியா என்று சில ஊர்களுக்குப் போய் வர வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. பழைய தெரு ஏன் இப்படிச் சொல்லிவைத்தாற்போல் புதிய தெருவுக்கு அடியில் கிடக்கிறது? வீடு என்றால் இடிப்பார்கள், ஆழமாக அஸ்திவாரம் தோண்டுவார்கள், நிலவறை எடுப்பார்கள். பழைய அடுக்குகள் அதிலேயே போய்விடும். தெரு பொது இடம். அதை யாரும் தோண்டி வீடு கட்ட முடியாது. குப்பையும் சேறும் இடிபாடும் சேரச் சேர மட்டம் உயரும், மேலேயே புதுத் தளம் போடுவார்கள். தெசலோனிகியில் 1917-இல் பெருந்தீ வந்து நகர நடுப்பகுதி எரிந்தபோது எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தலைமையில் ஊரையே புதிதாக வரைந்தார்கள். அப்போதும் எக்னாதியாவின் ஓட்டம் மாறவில்லை. ஆக, ரோமானிய நகரத்தில் மிக நன்றாகத் தப்பிப் பிழைத்த பகுதி பெரும்பாலும் தெருவாகத்தான் இருக்கும். மெட்ரோ, சாக்கடை, கேபிள் எல்லாவற்றுக்கும் நாம் தேர்ந்தெடுப்பதும் அதே தெருவைத்தான், அங்கேதான் யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டாம். சண்டை அங்கேயே பிறந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலையைப் போலத் தெரு ஒரு பொருள் அல்ல. மேலே கல், கல்லுக்குக் கீழே சரளை, அதற்குக் கீழே வடிகால், சில இடங்களில் ஈயக் குழாய், அதற்கும் கீழே முந்தைய தலைமுறையின் தெரு. பக்கவாட்டில் நடைபாதை, தூண்வரிசை, கடை வாசல். எந்தத் திசையில், எந்த மட்டத்தில், எதன்மேல் கிடக்கிறது என்பதுதான் அதன் பாதி அர்த்தம். நாம் எந்த வழியைத் தேர்ந்தாலும் இதில் ஒரு பங்குதான் மிஞ்சும். எந்தப் பங்கு வேண்டும் என்று ஊர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெசலோனிகியில் அதைச் சொல்லாமலேயே பொறியியல் வரைபடத்துக்குப் போனதால்தான் இத்தனை இழுபறி என்பது என் எண்ணம்.

முழுக்கத் தோண்டி, எழுதி வைத்துக்கொண்டு, விட்டுவிடுவது

கேட்கவே கொடூரமாக இருக்கும் வழி இது. மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அளந்து, படம் பிடித்து, பொருள்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு இடத்தைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிடுவது. தெரு அதோடு முடிந்தது.

ஆனால் லண்டனின் பௌல்ட்ரி தெரு ஒன்றாம் எண் மனையைப் பாருங்கள். 1990-களின் நடுவில் அங்கே ஒரு பெரிய அலுவலகக் கட்டடம் வந்தது. அஸ்திவாரம் எப்படியும் எல்லாவற்றையும் விழுங்கப்போகிறது என்று தெரிந்ததால் முழுக்கத் தோண்டினார்கள். ரோமானிய லண்டனின் முதன்மைச் சாலை வந்தது. அந்தச் சாலைக்கு அடியில் ஒரு மர வடிகால். ஈர மண்ணில் கெடாமல் கிடந்த அந்த மரத்தின் வளையங்களை எண்ணி, அது கி.பி. 47-48 குளிர்காலத்தில் வெட்டப்பட்டது என்று கண்டார்கள். ரோமானியப் படை பிரிட்டனில் இறங்கியது கி.பி. 43-இல். அதாவது நாலைந்து ஆண்டுகளுக்குள் லண்டனில் திட்டமிட்ட சாலை போட்டாயிற்று. லண்டன் எப்போது பிறந்தது என்ற கேள்விக்கு இவ்வளவு துல்லியமான பதிலைத் தந்தது ஒரு சாக்கடைப் பலகை.

சாலையின் மேல்தளத்தை அழகாகத் துடைத்து, கண்ணாடி போட்டுக் காட்டியிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. வடிகாலைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். 'பாதுகாப்போம்' என்று கோஷம் போடும்போது நாம் வசதியாக மறந்துவிடுவது இதைத்தான். அறிவு வேண்டுமென்றால் அழிவும் கொஞ்சம் சேர்ந்தே வரும். இந்த வழியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: பிழை செய்தால் திருத்த முடியாது. இன்றைக்கு நமக்குத் தோன்றாத கேள்வியை நாளை ஒருவர் கேட்டால், கேட்பதற்கு அங்கே மண் இருக்காது.

திரும்ப மூடிவிடுவது

மக்களுக்குப் பிடிக்காத வழி. வரிப்பணத்தில் தோண்டினீர்கள், இப்போது மூடுகிறீர்களா என்பார்கள். தொல்லியல் ஆட்களில் பலர் மனசுக்குள் விரும்புவது இதைத்தான். துடைத்து, ஆவணப்படுத்தி, மேலே ஒரு பிரிப்புத் துணி விரித்து, உப்பில்லாத சுத்தமான மணலைக் கொட்டி, அப்புறம் மண் போட்டு மூடிவிடுவது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு காப்பாற்றிய மண்ணுக்கு இன்னொரு நூறு ஆண்டு காப்பாற்றத் தெரியாதா என்ன?

இங்கிலாந்தில் இது வெறும் ஆசையாக நிற்காமல் விதியாகவே ஆனது. 1989-இல் லண்டனில் ரோஸ் என்ற ஷேக்ஸ்பியர் காலத்து நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டு, அதன்மேல் அலுவலகம் கட்டக் கூடாது என்று நடிகர்களெல்லாம் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் எச்சங்களை மணலாலும் கான்கிரீட்டாலும் மூடி, மேலே நீர் தேக்கி, கட்டடத்தை அதற்கு மேலே எழுப்பினார்கள். மறுவருடம் வந்த அரசின் திட்ட வழிகாட்டி, முடிந்தவரை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்றது. பூமிக்குக் கீழே ரோமானியப் படைநகரம் முழுசாகக் கிடக்கும் யார்க்கில் 1991-இல் ஓர் ஆய்வு நடந்தது. மனையில் 95 விழுக்காட்டை விட்டுவைத்து, அஸ்திவாரத் தூண்களுக்கு மட்டும் 5 விழுக்காடு தொடலாம் என்று அது ஒரு கணக்குப் போட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் இருப்பதைக் காப்பது மண் மட்டுமல்ல, ஈரமும்தான். பக்கத்து மனையில் ஆழ நிலவறை தோண்டி நீரை இறைத்தால், தூணே படாத பகுதியிலும் மரமும் தோலும் காய்ந்து மட்கத் தொடங்கும். மேலே புல்தரை இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. கல் பாவிய தெருவுக்கு இந்தப் பயம் குறைவு, அதனடியில் இருக்கும் மர வடிகாலுக்கு நிறையவே உண்டு. அதனால் மூடும் முடிவோடு நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளக்கும் ஏற்பாடும் இல்லையென்றால் அது பாதி முடிவுதான்.

மெட்ரோ நிலையத்துக்கு இந்த வழி உதவாது என்பது சொல்லாமலே புரியும். ரயில் அடியில் போகலாம். ஆட்கள் இறங்க ஒரு குழி வேண்டுமே.

இருந்த இடத்திலேயே திறந்து காட்டுவது

இதில் மூன்று ஊர், மூன்று விதம்.

பிரான்ஸின் தெற்கே நார்போன். கி.மு. 118-இல் ரோமர் அமைத்த குடியேற்றம் அது. இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த டொமிஷியா சாலை ஊருக்குள்ளேயே போனது. 1997-இல் நகராட்சி மன்றத்துக்கு முன்னுள்ள சதுக்கத்தில் அதன் ஒரு துண்டு வெளிப்பட்டது. கண்ணாடி இல்லை, கூரை இல்லை, டிக்கெட் இல்லை. சதுக்கத்தில் சற்றே தாழ்ந்த ஒரு தொட்டிபோல விட்டுவிட்டார்கள். வண்டிச் சக்கரம் தேய்த்த பெரிய கற்கள் அப்படியே கிடக்கின்றன, மக்கள் விளிம்பில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். எனக்கு இந்த எளிமை ரொம்பப் பிடிக்கும். ஆனால் இது எல்லா ஊருக்கும் சரிப்படாது. கடினக் கல், குறைந்த ஆழம், சின்னத் துண்டு என்ற மூன்றும் அங்கே கூடி வந்தன. ஏழு மீட்டர் ஆழத்தில், சுவர்ப் பூச்சும் செங்கல்லுமாக உள்ள தெருவை மழையில் விட்டால் சில குளிர்காலத்தில் கரைந்துவிடும்.

பார்சிலோனா அதற்கு நேர் எதிர். 1931-இல், புதிய பெருந்தெரு ஒன்றுக்கு வழிவிட, பாடெல்லாஸ் மாளிகை என்ற பழைய வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து அரசர் சதுக்கத்தில் மறுபடி கட்டப் போனார்கள். அஸ்திவாரம் தோண்டினால் பார்சினோ, அதாவது ரோமானியர் காலத்து பார்சிலோனா, வந்தது. ஒரு கட்டடத்தைப் பெயர்த்து வைக்கப் போய், பெயர்க்கவே கூடாத ஒன்றைக் கண்டுபிடித்தது வேடிக்கைதான். தோண்டிக்கொண்டே போனார்கள், 1943-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்று சதுக்கத்துக்கு அடியில் 4,000 சதுர மீட்டர் பரப்பில் தெருவும் மதிலோரப் பாதையும், துணி வெளுத்துச் சாயமேற்றிய பட்டறையும், மீன் உப்பிட்ட தொட்டிகளும், திராட்சை மது ஆலையும் இருக்கின்றன. ஒரு தெருவை அதன் கடைகளோடு சேர்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஈர மண்ணிலிருந்து வெளியே வந்த கல் காயும்போது, உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கும், பூத்த இடத்தில் கல் செதில் செதிலாக உதிரும். வெளிச்சம் போட்டால் பாசி பிடிக்கும், காற்றோட்டம் இல்லையென்றால் பூஞ்சை வரும். ஐரோப்பிய ஊர்களில் நடைபாதையில் கண்ணாடி பதித்துக் கீழே எச்சத்தைக் காட்டும் மோகம் ஒன்று உண்டு. பல இடங்களில் குனிந்து பார்த்தால் தெரிவது ஆவி படிந்த கண்ணாடியும் பச்சைப் பாசியும்தான். திறப்பு விழாவுக்குக் காசு கிடைக்கும், இருபதாம் ஆண்டில் நீர் இறைக்கும் மோட்டாருக்கு யார் கரண்ட் பில் கட்டுவது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத ஊர், திறந்து காட்டும் யோசனையையே எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, பல்கேரியத் தலைநகர் சோஃபியா. ரோமானியப் பெயர் செர்டிகா. மெட்ரோவின் இரண்டாம் தடம் போட்டபோது, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நகர நடுவே செர்டிகாவின் பெருந்தெருவும் வீடுகளும் வந்தன. அங்கே நிலையத்துக்குப் போகும் சுரங்கப்பாதையையே தெருவோடு சேர்த்துவிட்டார்கள். அலுவலகம் போகிறவர் ரோமானியக் கல்லை ஒட்டியே நடந்து ரயிலுக்குப் போகிறார். அரசு அலுவலகங்கள் சூழ்ந்த சதுக்கத்தில் மேலே கண்ணாடிக் குவிமாடங்கள். இதன் புத்திசாலித்தனம் இதுதான்: பார்வையாளரைத் தேடி அலைய வேண்டாம், மெட்ரோவே தினமும் கொண்டுவந்து இறக்குகிறது. அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் தானாக வந்துவிடும், அது ஊரின் வாசல் ஆகிவிட்டதே. புதுக் கல்லும் செங்கல்லும் கொஞ்சம் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. அது என் ரசனைக் குறை, திட்டத்தின் குறை அல்ல.

பெயர்த்தெடுத்துத் திரும்ப வைப்பது

லண்டனுக்கே திரும்புவோம். 1954-இல் வால்ப்ரூக் என்ற பழைய ஓடைக்கரையில் மித்ரா தெய்வத்தின் கோயில் கிடைத்தது. இரண்டு வாரத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள் என்பார்கள். கட்டடமும் வர வேண்டும், கோயிலும் இருக்க வேண்டும், அதனால் கல்லைப் பெயர்த்து வைத்துக்கொண்டு 1962-இல் சுமார் நூறு மீட்டர் தள்ளி, தரைமட்டத்தில், மறுபடி அடுக்கினார்கள். புதுச் சிமென்ட், பொருந்தாத தரை, வேறு மட்டம். கல் பழையதுதான், கோயில் இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே மனையில் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டடம் வந்தபோது சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, பழைய ஆவணங்களைப் பார்த்து, தெருமட்டத்திலிருந்து ஏழு மீட்டர் கீழே, அசல் இடத்துக்கு மிக அருகே 2017-இல் திரும்ப வைத்தார்கள். இப்போது பார்த்தால் ஓரளவு நம்ப முடிகிறது. அந்த மனையில் மறுபடி தோண்டியதில் 400-க்கும் மேற்பட்ட ரோமானிய எழுதுபலகைகள் ஈரச் சேற்றிலிருந்து வந்தது தனிக் கதை.

கோயில் கதையை ஏன் தெருவுக்குச் சொல்கிறேன் என்றால், பெயர்த்தெடுப்பதில் கல் உடைவதைவிடப் பெரிய ஆபத்து கல்லுக்கும் மட்டத்துக்கும் உள்ள உறவு அறுவது. கோயிலுக்காவது சுவர் உண்டு, வடிவம் உண்டு. தெருவைப் பெயர்த்து ராணுவ முகாமில் விரித்தால் அது வெறும் பளிங்குத் தரை. 2013-இல் தெசலோனிகி மக்கள் கொதித்தது நியாயம். நகராட்சிக்கே அதில் ஐயமில்லை.

ஆனால் 2019-இன் முடிவு அதே ரகம் அல்ல. திரும்ப அதே இடத்துக்கு, அதே மட்டத்துக்கு வரும் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. வேகமாக முடியும், பொறியியல் ஆபத்து குறைவு என்றார்கள் ஒரு பக்கம். நிலையத்தின் நடுத்தளமும் பழைய தெருவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் மோதியதுதான் அவர்களின் தலைவலி. மறுபக்கத்தில், கல்லைப் பெயர்த்தால் அதன் அடியிலுள்ள சாந்தும் சரளையும் கடைச் சுவரின் மண்ணும் போய்விடும், திரும்பி வருவது தோல் மட்டும்தான் என்றார்கள். இருபக்கமும் பொய் சொல்லவில்லை. அதிகம் பேசப்படாத ஒரு லாபமும் உண்டு: பளிங்கைத் தூக்கியதால் அதன் கீழேயுள்ள பழைய அடுக்குகளைத் தோண்ட முடிந்தது. இருந்த இடத்திலேயே வைத்திருந்தால் அவை மூடிய புத்தகமாகவே இருந்திருக்கும். பௌல்ட்ரியின் சாக்கடைப் பலகையை நினைத்துக்கொண்டால் இது சின்ன விஷயமில்லை.

என் கையில் முடிவு இருந்திருந்தால்

வெனிசெலூவில் நான் 2017-இன் பக்கம்தான் நின்றிருப்பேன். இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டும் வரைபடம் ஒன்று கையில் இருந்தபோது பெயர்க்கப் போனது அவசரம். சோஃபியாவில் கைகூடியது அங்கேயும் கூடியிருக்கலாம். அதற்காக இப்போது அந்த நிலையத்தில் இறங்குகிறவர் பார்ப்பதைப் போலி என்று சொல்ல மாட்டேன். தெரு ஊருக்குள், எக்னாதியாவுக்கு அடியில்தான் இருக்கிறது. ராணுவ முகாமில் இல்லை. 2013-இல் கத்தியவர்களுக்குக் கிடைத்த வெற்றி அது.

மற்ற ஊர்களுக்கு என் வரிசை வேறு. மெட்ரோவோ பெரிய சுரங்கப்பாதையோ வராத, பணமும் அதிகம் இல்லாத நடுத்தர ஊர் என்றால் யோசிக்காமல் மூடிவிடுங்கள், நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் எப்படியும் அழிக்கப்போகிறது என்றால் மேல்தளத்தோடு நிற்காமல் கடைசி அடுக்கு வரை தோண்டுங்கள், அதற்கான கால அவகாசத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆட்கள் எப்படியும் கீழே இறங்கப்போகிற இடம் என்றால் சோஃபியா வழி. தனி நிலத்தடி அருங்காட்சியகம் பார்சிலோனா அளவு பரப்பும் பார்வையாளரும் உள்ள ஊருக்கு மட்டும். பெயர்த்தெடுப்பது கடைசி, அதுவும் திரும்ப வைக்கும் தேதியும் மட்டமும் எழுத்தில் இருந்தால்தான்.

பல ஊர்களில் உண்மையில் நடப்பது கலவைதான்: கொஞ்சம் காட்டுவார்கள், மிச்சத்தை மூடுவார்கள். அப்படி இருபது மீட்டர்தான் காட்ட முடியும் என்று வந்தால் அதிகாரிகள் பெரும்பாலும் பளபளப்பான, உடையாத கற்கள் உள்ள பகுதியைக் கேட்பார்கள், படத்துக்கு நன்றாக இருக்கும் என்று. நான் சந்திப்பு உள்ள பகுதியைக் கேட்பேன். கல் உடைந்து, வடிகால் வாய் தெரிந்து, ஒரு கடையின் வாசற்படி தேய்ந்து கிடந்தால் இன்னும் நல்லது.